ஊதினேன் என்று சொன்ன சங்கு

காலை பத்து மணிக்கு வந்த அந்தப் பெண், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாமாம். நான் போட மாட்டேன். ஆனா ஏன் போட மாட்டேன்னு அவங்க தலையில ஏறுற மாதிரி சொல்ல எனக்குத் தெரியல. அதுக்குத்தான் வந்தேன்."

மருத்துவமனையில் அவளுக்குப் பெட்டியம்மா என்று பெயர். அடித்தளத்தில் ரத்தப் பைகள் இருக்கும் பெரிய குளிர்பெட்டியைப் பத்தொன்பது வருஷமாகப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்பவள். வந்திருந்ததோ இரண்டே அறை கொண்ட ஓர் அலுவலகம். கணினி நிரல்களில் ஒளிந்திருக்கும் பிழைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். அதை நடத்துகிற அம்மாளை அவள் கொழுந்தன் அண்ணி என்று கூப்பிட, கேட்டுக் கேட்டு ஊரே அவளை அண்ணி ஆக்கிவிட்டது. அந்தக் கொழுந்தன்தான் அவளுக்கு வலது கை. வாயும் அவன்தான்.

அண்ணி கடிதத்தைப் படித்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் குளிர்பெட்டியில் சூடு ஏறியது, அபாயச் சங்கு ஊதியது, பணியிடத்தில் இல்லாததால் நான் அதைக் கேட்கவில்லை, நாற்பது பை ரத்தம் வீணானதற்கு நானே பொறுப்பு. இவ்வளவும் பெட்டியம்மா எழுதினதுபோல் யாரோ தட்டெழுதி வைத்திருந்தார்கள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து அறையில. பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கிட்டு. தனியாத்தான் இருந்தேன், சாட்சிக்கு ஆளில்ல. அந்தச் சங்கு ஊதினா இருபது விநாடி காது கிழியும். அது ஊதலைங்க."

"சங்கு ஊதுச்சோ இல்லையோ, உங்க வேலைக்கு ஊதப் பாக்கறாங்க" என்றான் கொழுந்தன். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனான்.

சமீபத்தில் அங்கே ஏதாவது மாற்றினார்களா என்று அண்ணி கேட்டாள். போன வாரம் நிரல் எழுதும் கண்ணாடிக்காரர் வந்து பெட்டியில் சூடு ஏறினால் சங்கை ஊதச் சொல்லும் நிரலைப் புதுசாக ஏற்றிவிட்டுப் போனார், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டார் என்றாள் பெட்டியம்மா. கையோடு பதிவேட்டின் நகலையும் கொண்டுவந்திருந்தாள். நிரல் சங்குக்கு இட்ட கட்டளையும் சங்கு சொன்ன பதிலும் அதில் இருந்தன. போன மாதம் ஒருமுறை நிஜமாகவே சங்கு ஊதி, அவள் ஓடிப்போய்ப் பைகளைக் காப்பாற்றிய நாளும் இருந்தது.

போன மாதம்: 11:20:05 ஊது. 11:20:25 ஊதினேன்.

செவ்வாய்: 2:41:07 ஊது. 2:41:07 ஊதினேன்.

கொழுந்தன் இரண்டு வரியையும் உரக்கப் படித்தான். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி. ஊதுன்னு சொல்லியிருக்கு, ஊதினேன்னு பதில் வந்திருக்கு. அம்மா கோவிச்சுக்கக் கூடாது, இது நம்ம பக்கம் பேசலையே."

"நல்லாவே பேசுது" என்று அண்ணி செருப்பை மாட்டினாள்.

அடித்தளத்துக்குப் போனதும் கொழுந்தன் செய்த முதல் காரியம், சங்குக்குக் கீழே சுவரில் இருந்த ஒத்திகைப் பொத்தானை அழுத்தியதுதான். சங்கு அலறியது. பெட்டியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எதிராளிக்குச் சாட்சி சொல்ல ஆளைக் கூட்டிவந்துவிட்டோமோ என்று நினைத்தாள். அண்ணியோ பொத்தானிலிருந்து போன கம்பியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். அது நேராகச் சங்குக்குள் போனது. கணினிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்கு, கடிதத்தைக் கொடுத்த மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். கண்ணாடிக்காரர் மடிக்கணினியோடு வந்து, தன் நிரலின் நாற்பத்து மூன்று சோதனைகளும் தேறிப் பச்சையாக இருப்பதைக் காட்டினார்.

"சோதனைக்கு நிஜக் குளிர்பெட்டி, நிஜச் சங்கு வெச்சீங்களா?"

"அது எப்படிங்க முடியும்? ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைச் சூடாக்கவா? வேஷம் போட்ட பொருள்தான். மாக்குன்னு சொல்வோமே."

"ரொம்பச் சரி. நானும் அப்படித்தான் செய்வேன்" என்று அண்ணி பெட்டியம்மா பக்கம் திரும்பினாள். "நல்லா எழுதின நிரல் யாரோடயும் ஒட்டிக்காதும்மா. சங்கு எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாது. ஊதுன்னு சொல்லும், ஊதினேன்னு பதில் வந்தாப் போதும். அதனால நிஜச் சங்கைக் கழட்டிட்டு ஒரு தலையாட்டிப் பொம்மையை வெச்சு, நிரல் சரியான நேரத்துல ஊதுன்னு சொல்லுதான்னு மட்டும் தனியாச் சோதிக்கலாம்."

"நிரல் சொல்லியிருக்கே, ஊதுன்னு" என்றார் கண்காணிப்பாளர்.

"சொல்லியிருக்கு. அதுமேல குத்தமே இல்ல. பதில் சொன்னது யாருன்னுதான் கேள்வி."

அண்ணி இரண்டு வரிகளையும் அவர் முன் வைத்தாள். "நிஜச் சங்கு இருபது விநாடி ஊதி முடிச்சுட்டுத்தான் ஊதினேன்னு சொல்லும். போன மாசம் பாருங்க, அஞ்சாவது விநாடியில கட்டளை, இருபத்தஞ்சாவதுல பதில். செவ்வாய்க்கிழமை கேட்ட விநாடியே பதில். மூச்சு இழுக்கக்கூட நேரமில்லாம எந்தச் சங்கு ஊதும்?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"என் பேச்சை நம்ப வேண்டாம், கீழ வாங்க" என்றாள் அண்ணி.

செய்யப்போவதை அவள் படியிறங்கும்போதே சொன்னாள். வெப்பமானியின் இடத்தில் மட்டும் ஒரு பொய் வெப்பமானி. அது பன்னிரண்டு டிகிரி என்று சொல்லும். ஒரு பை ரத்தமும் சூடாகாது, ஆனால் நிரல் பயந்துபோகும். மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே. கொழுந்தன் பத்து நிமிஷத்தில் அதை எழுதிப் பொருத்தினான்.

ஐந்து பேரும் சங்குக்கு அடியில் நின்றார்கள். பெட்டியம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது அது ஊதினால் பத்தொன்பது வருஷமும் போயிற்று.

கொழுந்தன் விசையைத் தட்டினான்.

குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. யாருடைய வயிறோ சத்தம் போட்டது. திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. ஊது. ஊதினேன்.

"அடப்பாவி, என்னமாப் புளுகுது" என்றான் கொழுந்தன், கொஞ்சம் மரியாதையோடு.

கண்ணாடிக்காரர் தானாகவே முன்னால் வந்து, யார் வேஷத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய பட்டியலைத் திறந்தார். சங்கு என்ற இடத்தில் பொம்மையின் பெயர் இருந்தது.

"நான்தாங்க. இங்கேயே ஒருமுறை ஓட்டிப் பாக்க நினைச்சேன். மேல நோயாளிங்க தூங்கறாங்க, சத்தம் வரக்கூடாதுன்னு சார் சொன்னார். அதனால பொம்மையை வெச்சேன். எல்லாம் பச்சையா வந்ததும் சந்தோஷத்துல அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். திங்கட்கிழமை ஒத்திகையில சங்கு ஊதினதால யாருக்கும் சந்தேகம் வரல."

"பொத்தான் நேரா சங்குகிட்ட பேசுது, நிரல் பொம்மைகிட்ட பேசிச்சு" என்றாள் அண்ணி. "பொம்மையை வெச்சது தப்பில்ல தம்பி. பொம்மையோட சோதிச்சா நிரலைத்தான் தெரிஞ்சுக்கலாம். சங்கைத் தெரிஞ்சுக்க, கடைசியில ஒரு தடவையாவது நிஜத்தோட ஓட்டணும். காது வலிச்சாலும்."

கண்காணிப்பாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பெட்டியம்மா கையை நீட்டினாள்.

"அதை உள்ள வைக்காதீங்க சார். அதுலயே எழுதுங்க. சங்கு ஊதல, நான் வேலையில இருந்தேன். தேதி போட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க. இப்ப நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு."

அவர் குளிர்பெட்டியின் மேலேயே தாளை வைத்து எழுதினார். அதற்குள் கண்ணாடிக்காரர் பட்டியலைத் திருத்தி, நிஜச் சங்கை அதன் இடத்தில் உட்கார வைத்து, பொய் வெப்பமானியை மறுபடி ஓட்டினார்.

சங்கு அலறியது. மேலே எங்கோ ஒரு நாற்காலி விழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே கண்காணிப்பாளர் பெட்டியம்மாவைப் பார்த்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. தலைகூடக் கொஞ்சம் குனிந்தது.

சங்கு ஓய்ந்தது.

"கேக்கல சார்" என்றாள் பெட்டியம்மா. "இன்னொரு தடவை சொல்லுங்க."