தக்கை போட்டாச்சா?

"தக்கை எதுக்கு அத்தை, மிதக்கவா, அடைக்கவா?"

ஏரிக்கரைத் தூண்டில் கடைக்கு வந்த ஒரு சிறுமி என்றோ கேட்ட கேள்வி அது. "ரெண்டுக்குந்தான் கண்ணு" என்று சிரித்து, ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டாள் கடைக்காரம்மா. அரைகுறைப் பதில்கள் சும்மா கிடப்பதில்லை. எங்கேயோ போய் முளைக்கும்.

ஞாயிறு. காலை 6.40.

பல் டாக்டரின் சின்னப் படகு, துறைமேடையில் கட்டிய கயிற்றோடு, விளிம்புவரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. இரவு பூட்டிய கொட்டகைக்குள் டிரெய்லர் மேல் இருந்த படகு. இப்போது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. படகைத் தண்ணீரில் விடும் இறக்கத்தின் ஓரத்தில் டிரெய்லர் காலியாக நின்றது.

7.15.

"ராத்திரி எங்கய்யா இருந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் ரூம்லதான் சார்" என்றான் துறைக் காவலாளி. கவிழ்த்துப் போட்ட வாளியிலிருந்து எழுந்து நின்றான். அவன் மனைவி அறை வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"கொட்டகைச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. படகு வச்சிருக்கிறவங்ககிட்ட ஆளுக்கு ஒண்ணு."

"காலையில என்ன பார்த்தே?"

"அஞ்சு மணிக்குத் தண்ணி மோட்டார் போட எழுந்தேன். இறக்கத்துல டாக்டர் ஜீப் நின்னுச்சு. ஆள் முகம் தெரியல. 'தக்கை போட்டாச்சா?'ன்னு எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி கத்திக் கேட்டேன். 'போட்டாச்சு!'ன்னு பதில் வந்துச்சு. சரி, டாக்டர்தான்னு போயிட்டேன். அப்புறம் மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"பச்சைப் பொய்!" டாக்டர் குதித்தார். "ஆறரை வரைக்கும் நான் தூங்கிட்டிருந்தேன். ஜீப் என் வீட்டு வாசல்ல நின்னுச்சு!"

"போன வாரம் இவர்கூட சண்டை போட்டியா?" இன்ஸ்பெக்டர் காவலாளி பக்கம் திரும்பினார்.

"சண்டை இல்ல சார். ஜீப்பை இறக்கத்துல குறுக்கே விட்டுட்டுப் போனார். மத்தவங்க படகை எப்படி இறக்குவாங்கன்னு கேட்டேன்."

"கேக்குறதுக்கு நீ யாரு?" என்றார் டாக்டர். இன்றும் அவர் ஜீப் இறக்கத்தில் குறுக்கேதான் நின்றது.

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மூடினார். "கதை முடிஞ்சுது. டிரெய்லரைக் கையாலேயே இறக்கத்துல உருட்டியிருக்கே. அடியில இருக்கிற தக்கையைப் பிடுங்கிட்டுப் படகைத் தண்ணியில தள்ளிட்டே. கிளம்பு."

காவலாளி போலீஸ் ஜீப்பில் ஏறினால் வேலை போகும். வேலையோடு அந்த ஒற்றை அறையும் போகும்.

"சார், ஒரு நிமிஷம்..." என்றாள் கடைக்காரம்மா.

"மீன் பிடிக்கப் போகும்போது உங்களைக் கேக்குறேன்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக இதே பிழைப்பு. யோசனை கேட்க வருவார்கள். கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்வார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு லேசான தூண்டில் கம்பு போதும் என்றால், கடையிலேயே கனமானதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "படகை இழுக்கிற வண்டிக்கு இழுக்கிற பலத்தைவிட நிக்கிற பலம் முக்கியம். இறக்கத்துல கியர் போட்டு, பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைங்க" என்று இந்த டாக்டரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஊருக்கு உபதேசம் செய்தவளும் ஒருநாள் அவசரத்தில் கல் வைக்காமல் இறங்கியிருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு. அவள் வண்டி பின்னால் உருளத் தொடங்கியபோது இந்தக் காவலாளிதான் ஓடிவந்து, தான் உட்காரும் மர ஸ்டூலை டயருக்கு அடியில் தள்ளினான். வண்டி நின்றது. ஸ்டூல் சிராய் சிராயாகப் போனது. "புதுசு தர்றேண்ணே" என்று அன்று சொன்னவள் மறந்தேபோனாள். அவன் வாய் திறந்து கேட்டதில்லை. அன்று முதல் வாளியில்தான் உட்காருகிறான்.

அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே வேண்டிக்கொண்டாள். 'தெய்வமே, இன்னைக்காவது என் பேச்சு ஒருத்தர் காதுல ஏறட்டும்.'

7.50.

படகைக் கரைக்கு இழுத்துச் சாய்த்தார்கள். பின்பக்கம் அடியில் இருந்த துளை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"பார்த்தீங்களா? தக்கை இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

கடைக்காரம்மா துளையைப் பார்க்கவில்லை. படகுக்குள் கிடந்த தூண்டில் கம்பைப் பார்த்தாள். அவளே டாக்டருக்கு விற்றது. இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் வகை. நுனி இழையில் பொய்ப்பூச்சி. அதற்கு ஒரு முழம் மேலே, கட்டைவிரல் பருமனில், சிவப்பாக ஒன்று கட்டியிருந்தது.

அவள் திரும்பி, துறை முகப்பில் தன் கையாலேயே எழுதி நட்ட பலகையைப் பார்த்தாள். பிறகு, டாக்டருக்குப் பின்னால் நின்ற இளைஞனைப் பார்த்தாள். டாக்டரின் மச்சான், வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. மடிப்புக் கலையாத பேண்ட். காலில் மட்டும் ஒரு சைஸ் பெரிய ரப்பர் செருப்பு.

"டாக்டர், ஜீப் சாவியைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"இந்த ஒருதரமாவது நான் சொல்றதைக் கேளுங்களேன்!"

குரலில் இருந்த சூட்டில் டாக்டரின் கை தானாகப் பைக்குள் போனது. சாவிக்கொத்தில் கொட்டகைச் சாவி. அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் அடைப்பு.

8.05.

"இதுதான் சார் அந்தப் படகோட தக்கை. படகை நிறுத்தினா உள்ளே தேங்கின தண்ணி வடியட்டும்னு இதைக் கழட்டுவாங்க. மறக்காம இருக்க வண்டிச் சாவியோட மாட்டி வைங்கன்னு நான்தான் சொன்னேன். அதை ஒண்ணு மட்டும் கேட்டிருக்கார், புண்ணியவான்."

"ஆமா... நேத்து கழட்டினேன்" என்று டாக்டர் முனகினார்.

"அப்போ யாரும் எதையும் பிடுங்கல. ராத்திரி முழுக்க இது டாக்டர் வீட்ல இருந்திருக்கு. இந்தச் சாவியை எடுத்துட்டு வந்தவங்க இது என்னன்னு தெரியாமலே படகை இறக்கிட்டாங்க."

"ஆனா 'போட்டாச்சு'ன்னு பதில் வந்துச்சுன்னு இவன் சொல்றானே?"

"உண்மையைத்தான் சொல்றார். போட்டாங்க." சிவப்பு உருண்டையைத் தொட்டுக் காட்டினாள். "சாதாரணத் தூண்டில்ல மிதக்கிறதுக்குக் கட்டுவோமே, அதுக்கும் தக்கைன்னுதான் பேரு. இந்தக் கம்புல யாரும் இவ்வளவு பெரிசைக் கட்ட மாட்டாங்க. வீசினா கல் விழுந்த மாதிரி விழும், மீன் ஓடிடும். டாக்டருக்கு அது தெரியும். ஒண்ணுமே தெரியாத, ஆனா எழுதிப் போட்டதை மதிக்கிற ஒரு நல்ல பிள்ளைதான் கட்டியிருக்கணும்."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். 'தக்கை போடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.'

அவள் மெதுவாகக் கேட்டாள். "தம்பி, உங்க ஷூ இன்னும் காயலையா?"

இளைஞன் முகத்தை மூடிக்கொண்டான். "மீனோட வந்து உங்களை அசத்தணும்னு நெனச்சேன் மாமா. தூண்டில் பெட்டியில இருந்த தக்கையை எடுத்துக் கட்டினேன். நடு ஏரியில கணுக்கால் அளவு தண்ணி ஏறிடுச்சு. எப்படியோ துடுப்புப் போட்டு வந்து கட்டிட்டு, ஜீப்பை எடுத்துட்டு ஓடிட்டேன். இவரைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நினைக்கல. பிடிச்சப்போ சொல்ல வாய் வரல."

"படகு போனா போகுதுடா. உனக்கு நீச்சல்கூடத் தெரியாதேடா, பாவி!" டாக்டரின் குரல் உடைந்தது.

காவலாளி இளைஞன் தோளைத் தொட்டான். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வாங்க தம்பி, முதல்ல டீ குடிங்க."

"முதல் குத்தவாளி என் பலகைதான் சார், எழுதிக்குங்க" என்றாள் கடைக்காரம்மா. இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. டாக்டருக்கு மன்னிப்பு என்ற சொல் நாக்கில் புரளவில்லை. போய் ஜீப்பை இறக்கத்திலிருந்து எடுத்து ஓரமாக விட்டார். இறங்கியவர், தேடி ஒரு கல்லை எடுத்து டயருக்கு வைத்தார்.

மதியம் 1.20.

வெயிலில் துறை வெறிச்சோடியிருந்தது. காவலாளி அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பலகையில் புது எழுத்து இன்னும் ஈரமாக இருந்தது: 'படகின் அடியில் ஒரு துளை உண்டு. அதை அடைத்தீர்களா?'

கடைக்காரம்மா தூரிகையைக் கழுவி வைத்தாள். கடையில் தான் உட்காரும் தேக்கு ஸ்டூலைத் தூக்கிவந்து, சத்தமில்லாமல் காவலாளியின் இடத்தில் போட்டாள். அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு அந்த வாளியை நிமிர்த்தி, குழாயடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.