முதுகைக் காட்டி நிற்பது

கோழித் துண்டை எடுத்த வாயில் ஈரமே இல்லை.

அவள் தையல் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நீட்டியிருந்த இடது கையை இழுத்துப் புடவையில் துடைக்கப் போனாள். துடைக்க ஒன்றுமில்லை. பத்து நாளாகவே அப்படித்தான். மகள் ராக்கெட் என்று பெயர் வைத்த, அவள் சனியன் என்று கூப்பிட்ட எட்டு மாத நாய், சாயங்காலம் நக்கினால் முழங்கை வரை எச்சிலாக்கும். மத்தியானத்தில் மட்டும் மரியாதையாக எடுத்துக்கொண்டது. பயிற்சி பலிக்கிறது என்று நினைத்தாள்.

நாய் வேண்டாம் என்றவள் அவள். ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தவர் கணவர். அவர் தன் மிக்ஸி ரிப்பேர் கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கடித்த செருப்பு, கிழிந்த திரை, தைத்து மடித்த பள்ளிச் சட்டைகள் மேல் சேற்றுக் கால்கள், எல்லாம் இவள் தலையில். போன மாதம் மாடிப்படியில் அது மகள் மேல் பாய்ந்தது. மோவாயில் மூன்று தையல். அன்றே கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம். அதுக்குள்ள அடங்கலன்னா ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

பயிற்சிக்காரர் வந்தார். நாயைத் தொடக்கூட இல்லை.

"பாடம் நாய்க்கு இல்லக்கா, உங்களுக்குத்தான். மேல ஏறினா முதுகைக் காட்டி நில்லுங்க. பாக்கக் கூடாது, பேசக் கூடாது, தள்ளக் கூடாது. அடங்கினதும் திரும்பாம கையைப் பின்னால நீட்டி ஒரு துண்டு குடுங்க. அவ்வளவுதான்."

"கோவம் வந்தா?"

"வரட்டும். முகத்தைக் காட்டாதீங்க."

"பாப்பா அப்பா பன்னெண்டு வருஷமா என்கிட்ட அதைத்தான் பண்றார்."

மகள் சிரித்தாள். சிரித்ததும் வலித்து மோவாயைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள்தான் முதலில் கற்றுக்கொண்டாள். நாய் பாய்ந்தால் சட்டென்று திரும்பி, கண்ணை மூடி, உள்ளங்கையைப் பின்னால் விரித்து அசையாமல் நிற்பாள்.

அம்மாவுக்குத் திரும்பவே வேண்டியிருக்கவில்லை. பிளக் இருக்கும் சுவரைப் பார்த்துத்தான் மெஷின். கூடம் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால். மத்தியானம் கணவர் வருவார், தானே போட்டுச் சாப்பிடுவார், பின்கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவள் திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரத்தில் தோள்களில் கனம் ஏறும். முதல் இரண்டு நாள் நாற்காலியே ஆடியது. மூன்றாம் நாள் தணிந்தது. இப்போதெல்லாம் ஏறியதும் அடங்கிவிடும். ஆனால் சாயங்காலம் கணவர் பின்கதவு வழியாக நுழையும்போது கூடவே நாயும் பழையபடி எகிறிக்கொண்டு வரும். பகலெல்லாம் நான் கட்டுகிறேன், இந்த மனுஷன் ஒரே நிமிஷத்தில் அவிழ்த்து விடுகிறார் என்று பல்லைக் கடித்தாள்.

இன்று மழை. மூன்று மணிக்கே கூடம் இருண்டுவிட்டது. மெஷின் விளக்கின் சின்ன வட்டத்துக்குள் ஊசியும் வெள்ளைக் காலரும் மட்டும் இருக்க, வெளியே தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, ஈரத் துணியைப் பையில் கட்டிப் பல நாள் மறந்துவிட்டது போன்ற வாடை எங்கிருந்தோ எழுந்து அவள் பிடரிக்கு அருகில் வந்து நின்றது. தோள்களில் கனம் ஏறியது. நகம் குத்தவில்லை.

போன் அடித்தது. கணவர். எடுத்தாள். பேசவில்லை.

"கோவமாவே இரு, பரவால்ல. மழைன்னு ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாங்களாம். பாப்பா வேன்ல கிளம்பிட்டா. வாசக்கதவு சும்மாதானே சாத்தியிருக்கு?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும்..."

போனுக்குள் நாய் குரைத்தது.

"அது என்ன நாய்?"

"என்ன நாயா? நம்ம ராக்கெட்தான். ஏய், மேஜைய விட்டு இறங்குடா!"

"அது எப்ப அங்க வந்துச்சு?"

"தினம் சாப்ட்டுட்டு நான்தானே கடைக்குக் கூட்டிட்டு வர்றேன். பத்து நாளாச்சு. உனக்குத் தொல்லையா இருக்க வேணாம்னுதான். நீ மூஞ்சி குடுத்துப் பேசினாத்தானே சொல்றதுக்கு?"

தோள்களில் இருந்த கனம் அசையவில்லை.

"வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"அடேங்கப்பா. கோவம் தீந்துடுச்சா?" சிரித்தார். "இந்த மழையில அரை மணி ஆகும்மா."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. ஆத்திரம். அந்தச் சிரிப்பின் மேல். சொல்லாமல் கொள்ளாமல் சாத்திய பின்கதவின் மேல். திரும்பிப் பார்க்காத தன் வீம்பின் மேல். கத்த வாயைத் திறந்தாள். கனம் இறுகியது. தோளெலும்பைச் சுற்றி மடங்கியது. மடங்க அதற்கு மூட்டுகள் இருந்தன.

வாயை மூடினாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பாக்கக் கூடாது. பேசக் கூடாது.

இறுக்கம் தளர்ந்தது.

கிண்ணத்தில் இரண்டு துண்டுகள். ஒன்றை எடுத்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். அது எடுத்தது. அவசரமில்லாமல். இன்று விரல்களையும் கவ்விப் பார்த்தது. உலர்ந்த இரண்டு உதடுகள்.

நாய்க்கு அப்படி உதடுகள் கிடையாது.

மழை. சுவர். காலரில் குத்தி நின்ற ஊசி. கடைசித் துண்டை நீட்டினாள். அது போனது. கையை இழுக்கவில்லை. வெறும் கையை நீட்டியபடியே இருந்தாள். இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அரை மணி. பாப்பா மட்டும் வரக் கூடாது.

தெருவில் வேன் ஹாரன்.

வலது கை துணி வெட்டும் கத்தரியைப் பிடித்தது. கேட் திறந்தது. சின்னச் செருப்புகள் தண்ணீரில் சப்பென்று அடித்துக்கொண்டு ஓடி வந்தன.

"பாப்பா! உள்ள வராத! ஓடு!"

கனம் எழும்பியது. அவள் தலைக்கு மேலே. இன்னும் மேலே. நாற்காலி முனகியது.

வாசல் கதவு இடப்பக்கம். திரும்பாமலே ஓரக்கண்ணில் தெரியும். கதவு திறந்துவிட்டது. மகள் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு மேலே, விட்டத்துப் பக்கம் பார்த்தாள்.

"ஓடுடி!"

மகள் ஓடவில்லை. கற்றுக்கொண்டதைச் செய்தாள். திரும்பினாள். முதுகைக் காட்டினாள். உள்ளங்கை மெல்லப் பின்னால் வந்து விரிந்தது. அதில் ஒன்றுமில்லை.

கனம் அம்மாவின் தோள்களை விட்டு இறங்கியது.