சராசரிப் பிள்ளை

செம்பூரில் அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்ததாம். வார்டில் கிடந்த கட்டில்களைத் தூக்கிவிட்டு மேசைகளைப் போட்டு, ஆராய்ச்சி அலுவலகம் என்று ஒரு பலகையையும் மாட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரிலிருந்து டெட்டால் வாடை இன்னும் வரும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் என் மூக்கில் ஏறியது அந்த வாடைதான். மான்குர்த்தில் குப்பைமேட்டுக் காற்றைக் குடித்துக் கிடப்பவளுக்கு அது அத்தர் மாதிரி இருந்தது.

மான்குர்த், டிராம்பே பக்கத்துச் சின்னப் பிள்ளைகளை எடை பார்த்து, மூச்சிரைப்பு உண்டா என்று விசாரித்து எடுத்த கணக்கெடுப்பு அது. கொஞ்ச மாதம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடியும் எடை பார்த்திருந்தார்கள். அந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் எந்த எண் என்று தெரியக்கூடாது என்பது சட்டமாம். ஏற்றி முடித்ததும் பெயர் இருந்த தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு எண் மட்டும் எனக்குத் தெரியும். அது என் மகள் ஷைஸ்தாவுடையது. ஏற்றும்போதே மனதில் பதித்து வைத்திருந்தேன்.

நாலு வயது அவளுக்கு. முதல் தடவை எடை பார்த்தபோது வீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை ஆட்கள் வந்தபோது மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அங்கேதான் கிடந்தாள். பகலில் என் வீட்டுக்காரர் காசிம் கூட இருப்பார், சாயங்காலம் நான் போவேன். யா அல்லாஹ், என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி வை. அந்த நாட்களில் இதைத் தவிர எனக்கு வேறு துஆவே கிடையாது.

பக்கத்து மேசை பத்ரிக்கு. மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். மனுஷன் தங்கம்தான், ஆனால் எதையும் பெரிதுபடுத்த மாட்டார். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்ன நஸீரா, ரெண்டாவது எடையில இத்தனை கட்டம் காலியா இருக்கே?"

"அந்தப் பிள்ளைங்க வீட்டுல இல்ல சார். சில பேரு ஊருக்குப் போயிட்டாங்க. சில பேரு..."

மௌத்தாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காலியா விட்டா சாஃப்ட்வேர் அந்த வரிசையையே தள்ளிடும். மத்த பிள்ளைகளோட சராசரியைப் போட்டு நிரப்பிடுங்கோ. எல்லாரும் பண்றதுதான். ஒண்ணும் ஆகாது."

நிரப்பினேன். சராசரி 13.8264 என்று வால் நீட்டிக்கொண்டு வந்தது. அந்த வால் கண்ணை உறுத்தவே, ஒரு தசமம் மட்டும் காட்டும்படி திரையை மாற்றிவிட்டேன். 13.8, 13.8, 13.8 என்று காலிக் கட்டம் எல்லாம் நிறைந்துவிட்டது. ஷைஸ்தாவின் கட்டமும்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. அதே ஃபைலிலேயே சேவ் செய்தேன். காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கரண்ட் போய்விட்டது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டு வெளியே போனேன். டிராம்பே சீத்தா கேம்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர் ஃபர்ஸானா என்றாள். கணக்கெடுப்பில் கொடுத்த துண்டுச்சீட்டில் இந்த விலாசம் இருந்ததாம்.

"லாத்தா, எம் புள்ளைய உங்க ஆளுங்கதான் எடை பாத்தாவ. ராஹில்."

"சொல்லுங்க. என்ன விஷயம்?"

"அவன் நோம்புக்கு முன்னாடியே மௌத்தாயிட்டான் லாத்தா. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இருமல் இல்ல. பசின்னு கேக்கல. சொன்னா உக்காருதான், சொன்னா எந்திரிக்கான். முகம் அவன் முகந்தான், ஆனா எல்லாப் புள்ளைங்க முகமும் கலந்தாப்ல இருக்கு. நெத்தியில ஒரு தழும்பு உண்டு அவனுக்கு. அதக் காணோம்." அவள் குரல் தாழ்ந்தது. "அங்கன இருக்கான், பாருங்க."

வராந்தாக் கோடியில் பெஞ்சின் மேல் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான்.

கிட்டத்தில் போனேன். எந்தப் பிள்ளையிடமும் ஒரு வாடை இருக்கும், பாலோ வியர்வையோ பிஸ்கட்டோ. இவனிடம் எதுவுமே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் எங்கேயோ பார்த்த பிள்ளை மாதிரி இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரு முகத்தில் இருந்தார்கள்.

என் ஷைஸ்தாவும் இருந்தாள்.

அவளுடைய கண் அது. அந்தப் பையனின் முகத்திலிருந்து என் மகளின் கண் என்னைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து காசிமின் போன் வந்தது.

"நஸீ, உடனே வா. புள்ள காலையில இருந்து கண்ணு தொறக்க மாட்டேங்குதா. டாக்டர் எல்லாம் நார்மல்னுதான் சொல்லுதாவ. ஆனா புள்ள உள்ள இல்லாத மாதிரி இருக்கு நஸீ, எனக்குப் பயமாருக்கு."

ஃபர்ஸானாவிடம் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வேண்டும் என்று முதலில் வீட்டுக்கு ஓடினேன். மான்குர்த்தில் எங்கள் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டுக் கலைச்செல்வி வாசலில் நின்று நீரை இறைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் மானசா நைட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். மானசாவும் ஷைஸ்தாவும் ஒரே வயது, ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்துட்டிய? நல்லாயிட்டாளா?" என்றாள் கலைச்செல்வி.

"யாரை?"

"ஷைஸ்தாவத்தான். உள்ளதான இருக்கா?"

கதவு திறந்து கிடந்தது. வெளியே மழை இருட்டு, உள்ளே அதைவிட இருட்டு. பாயின் நடுவில் ஒரு பெண் பிள்ளை ஷைஸ்தாவின் பச்சைக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். மோவாயில் சுடு பால் பட்ட வடு என் மகளுக்கு உண்டு. இதற்கு மோவாய் வழவழவென்று இருந்தது.

"உம்மா," என்றது. குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

என் பின்னாலிருந்து மானசா எட்டிப் பார்த்தாள்.

"இது ஷைஸ்தா இல்ல, அத்த," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, வெளிய போலாம்."

நாலு வயசுக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளைதான். நான் என் கையாலேயே வேறு ஒன்றைக் கொண்டுபோய் அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டேன். என் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

துணியும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. திரும்பி அலுவலகத்துக்கு ஓடினேன். கரண்ட் வந்திருந்தது. பத்ரி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நிரப்புறதுக்கு முந்தி இருந்த ஃபைல் வேணும்."

"காப்பி எடுத்து வெச்சிருப்பேளே?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

பத்ரியின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, அசல் மேலயா? இனிமே எது நிஜம், எது நாம போட்டதுன்னு எப்படித் தெரியும்?"

"என் பிள்ளை போயிரும் சார்!" என்று கத்தினேன். அவருக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

நான் உட்கார்ந்தேன், மேசை முன்னால். எடையை வரிசைப்படுத்து என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். 13.8 எல்லாம் கூட்டமாக ஒரே இடத்தில் வந்து நின்றன. அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கட்டங்கள் வெறிச்சென்று ஆயின. எங்கே மறுபடியும் நிரம்பிவிடுமோ என்ற பயத்தில் சேவ் செய்து ஃபைலையே மூடிவிட்டேன்.

போன் அடித்தது.

"நஸீ! முழிச்சிட்டா! உம்மா எங்கன்னு கேக்கா!"

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். பத்ரி தண்ணீர் டம்ளரை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் ஷைஸ்தா மளமளவென்று தேறினாள். மூக்குக் குழாயைக் கழற்றினார்கள், வீட்டுக்கும் அனுப்பினார்கள். பாயில் உட்கார்ந்திருந்தது போன இடம் தெரியவில்லை. ஃபர்ஸானா போன் செய்து, "அவன் போயிட்டான் லாத்தா. இந்தத் தடவ நிம்மதியாப் போயிட்டான்," என்றாள். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மகள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கொஞ்சம் பாயசம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கலைச்செல்வி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மானசாவுக்குக் குடு. அவ தோழி வந்துட்டா," என்றேன்.

"யாருக்கா மானசா?"

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உம் மக, கலை."

"காலங்காத்தால என்னக்கா இது?" அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்குப் புள்ளை இல்லன்னு தெரிஞ்சே இப்படிக் கேக்கியளே. நீங்களா இப்படி?"

உள்ளே பார்த்தேன். மானசாவின் மூன்று சக்கர சைக்கிளைக் காணோம். சுவரில் அவள் கிறுக்கிய கிறுக்கல் இல்லை. காசிமைக் கேட்டேன். அவரும் அப்படி ஒரு பிள்ளை இருந்ததே இல்லை என்றார். சந்தில் கேட்காத ஆள் பாக்கியில்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

பைத்தியம் பிடித்தவள் மாதிரி அலுவலகத்தில் போய் நின்றேன். யார் பெயரையும் சொல்லாமல், 13.8 எல்லாவற்றையும் அழித்ததை மட்டும் பத்ரியிடம் சொன்னேன்.

"கட்டத்தைக் கிளிக் பண்ணிப் பாத்துட்டு அழிச்சேளா?"

"இல்ல. ஏன்?"

"திரையில தெரியறது ஒரு தசமம்தான். நாம போட்ட சராசரிக்கு உள்ள நாலு தசமம் இருக்கும். எடை மெஷின் ஒரு தசமம்தான் காட்டும். அதனால நிஜமாவே 13.8 கிலோ இருந்த குழந்தைன்னா, உள்ளயும் வெறும் 13.8 தான் இருக்கும். ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணு. அதையும் சேத்து அழிச்சுட்டேளா?"

இரண்டாம் தடவை ஷைஸ்தாவை யாரும் எடை பார்க்கவில்லை, அதனால் அவள் கட்டம் காலியாக இருப்பதுதான் உண்மை. மானசாவைப் பார்த்திருந்தார்கள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நின்றிருப்பாள். மெஷின் 13.8 காட்டியிருக்கும். அதை நான் அழித்துவிட்டேன்.

"திருப்பிப் போட்டுடலாமே," என்றார் பத்ரி. "எந்த வரிசைன்னு சொல்லுங்கோ."

எந்த வரிசை? மான்குர்த், பெண், நாலு வயது என்று தேடினால் காலிக் கட்டத்தோடு ஒரு கூட்டமே நிற்கிறது. பெயர் இருந்த தாள்கள் கிழிபட்டுப் போயின. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தவறான கட்டத்தில் போட்டால் எந்தத் தாயின் வீட்டுப் பாயில் எது வந்து உட்காருமோ! அந்தத் தாயின் பிள்ளை என் பிள்ளையைப் போல எங்காவது உயிரோடு கிடந்தால், அதன் கதி என்ன? தினமும் ஃபைலைத் திறக்கிறேன். கட்டத்தின் மேல் விரலை வைக்கிறேன். எடுத்துவிடுகிறேன். ரப்பே, எனக்கு வழியே தெரியவில்லை.

ஷைஸ்தாவும் மானசாவைப் பற்றிக் கேட்பதில்லை.

இன்று காலை மழை விட்டிருந்தது. கதவைத் திறந்தேன். எதிரே கலைச்செல்வி வாசற்படியில் கால்களை அகட்டி உட்கார்ந்து, யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கைகளும் முன்னால், வெறும் காற்றில், ஒரு சின்னப் பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் அசைந்துகொண்டிருந்தன. வகிடு எடுத்தன. மூன்றாகப் பிரித்தன. இழுத்து இழுத்துப் பின்னின. கைகள் செய்வதை அவள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு மடியிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்தாள். பின்னலின் முனை இருக்க வேண்டிய இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே கையை எடுத்தாள்.

ரிப்பன் கீழே விழவில்லை.