உள்ளிழுத்த குரல்

கதவைத் தட்டியதில் தப்பில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருட்டிவிட்டால் அந்த மீன்பிடித் துறையில் எல்லார் வீட்டுக் கதவும் தட்டப்படும். மற்ற நாளில் யாரும் தட்டுவதில்லை, தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். தட்டினால், முகத்தை மூடி வேஷம் கட்டி வீடு வீடாக ஆட வருகிற வேஷக்காரர்கள் என்று அர்த்தம். திர்சாவுக்குச் சரியாகப் படாதது வேறு. தட்டுவதற்கு முன்னால் ஒரு சத்தமும் இல்லை. உறைந்த பனியில் கால் வைத்தால் நறநறவென்று கேட்கும், மரப்படியில் பூட்ஸை உதறுவது கேட்கும், கும்பலாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் கனைப்பது கேட்கும். இப்போது கடல்காற்று வீட்டு மூலையைப் பிடித்து ஊளையிட்டது, அடுப்பில் ஈரக் கட்டை சீறியது, உடனே கதவு தட்டப்பட்டது.

"வந்துட்டாங்கடி!" என்று வெர்னா எழுந்தாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல? உன் வீட்டை யாரும் மறக்கலை."

திர்சாவின் புருஷன் ஹெட்லி போய் இது மூன்றாவது குளிர்காலம். துக்க வீட்டுக்கு வேஷக்காரர்கள் வர மாட்டார்கள். முதல் வருஷம் வராதது மரியாதை. அடுத்த வருஷமும் விளக்கை ஆட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, தன் வாசலைத் தாண்டி எல்லோரும் பக்கத்து வீட்டுக்குப் போனதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். இப்படியே விட்டால் உயிரோடு இருக்கும்போதே இந்த ஊர் தன்னை மறந்துவிடும் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவில்லை. அதனால்தான் இந்த வருஷம் பழக்கேக் சுட்டு, உப்பிட்ட மாட்டிறைச்சியை முட்டைக்கோஸோடு வேகவைத்து, பள்ளிக்கூடத் தோழி வெர்னாவையும் அவள் புருஷன் கிளாரையும், அக்கார்டியன் வாசிக்கிற எல்ட்ரெட்டையும் கட்டாயப்படுத்தி அழைத்திருந்தாள். பனி இப்படிக் கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? பாதை ஏற்கெனவே மூடியிருந்தது. விடிந்து பனி தள்ளும் வண்டி வந்தால்தான் யாரும் வீடு திரும்ப முடியும்.

"உள்ள வாங்க!" என்று கிளார் கத்தினான்.

வந்தது ஒரே ஓர் ஆள். தலையணை திணித்த முதுகு, தரையைத் தொடும் மழைக்கோட்டு, இடம் வலம் மாற்றிப் போட்ட ரப்பர் பூட்ஸ், மீன்பிடிக்காரர்களின் கம்பளிக் கையுறை. முகத்தில் ஜன்னல் திரைத் துணி, ரோஜாப்பூ பின்னிய வெள்ளை லேஸ். கோட்டின் மேல் ஒரு பொட்டுப் பனி இல்லை.

"வேஷம் உள்ள வரலாமா?"

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசிய குரல். அதிலும் புதுமை இல்லை. குரல் தெரியாமலிருக்க வேஷக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள், அங்கே பிறந்த குழந்தைக்கும் அது வரும். எல்ட்ரெட் அக்கார்டியனைப் பிரித்தான். வந்த வேஷம் ஆடியது. கனத்த பூட்ஸ் பலகைத் தரையில் விழுந்த இடத்திலெல்லாம், மெத்தையில் கால் வைத்த மாதிரி, ஓசை மட்டும் எழவில்லை.

"ஆட்டத்தைப் பாத்தா ஹார்வி சாயல்" என்றான் எல்ட்ரெட்.

"ஹார்விக்கு இந்த இடுப்பு ஏது? மூட்டுவலிக்காரன்!" வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய், நீ பொம்பளையா ஆம்பளையா, அதையாவது சொல்லு!"

அது தலையை ஆட்டி மறுத்தது. ஆட்டம் முடிந்ததும் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டது.

"சட்டம் தெரியும்ல?" கிளார் ரம் கோப்பையை அதன் மூக்குக்கு நேரே காட்டினான். "பேரைக் கண்டுபிடிச்சா துணியை எடுக்கணும், எங்களோட உக்காந்து குடிக்கணும். கண்டுபிடிக்கிற வரைக்கும் உனக்குச் சொட்டு கிடையாது, வீட்டுக்கும் போக முடியாது!"

"போக மாட்டேன்" என்றது உள்ளிழுத்த குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். திர்சாவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் அந்த லேஸ் துணியிலேயே இருந்தது. இடது கண்ணுக்குப் பக்கத்தில், ரோஜா இதழ் ஒன்று கிழிந்து நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு மழை நாளில் நீல நூலால் தைத்தவள் அவளேதான். மாடியில் அவள் படுக்கையறை ஜன்னலில் தொங்கும் திரை அது.

எவளோ குறும்புக்காரி முன்னமே வந்து எடுத்துப் போயிருப்பாள், தாழ்ப்பாள் போடாத ஊர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லி விளையாட்டைக் கெடுக்க மனமில்லை. இத்தனை நாள் கழித்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நல்ல கேக் தட்டு மேலே இருப்பதாகச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அறையில் நாப்தலீன் வாசனையும் குளிரும் கலந்து கிடந்தன. விளக்குப் போடவில்லை, பனி வெளிச்சமே போதுமாக இருந்தது. ஜன்னலில் திரை தொங்கியது. ரோஜாக்கள். கிழிசல். நீல நூல். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், முடிச்சு நெருடியது. கீழே கிளார் ஏதோ சொன்னான். வெர்னா சிரித்தாள், எல்ட்ரெட் இருமிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் இன்னொன்றும் கேட்டது, கடைசியில் சின்னதாக விக்குகிற ஒரு சிரிப்பு. 'உனக்கு மட்டும்தான்டி இப்படி விக்கும்' என்று ஹெட்லி அவள் சிரிப்பைக் கேலி செய்வான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அது அடுப்புக்குப் பக்கத்தில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய தேநீர்க் கோப்பை அதன் கையுறைக்குள் இருந்தது. வெர்னா அதன் முழங்காலைத் தட்டி ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திர்சாவைப் பார்த்ததும் வெர்னாவின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் நின்றது. யாரென்று தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. அப்புறம் கண்ணைச் சிமிட்டி, "வா, உக்காரு" என்றாள். என்ன காரணமோ, 'டி' போட்டுப் பேசவில்லை.

உட்கார வேறு இடம் இல்லாமல் திர்சா கதவோரம் நின்றாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. எல்ட்ரெட் சும்மா மடியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்த அக்கார்டியன் விரிந்தது, சுருங்கியது. அந்த லேஸ் துணி வாய்ப்பக்கம் உள்ளே போனது, குழிந்தது, அப்படியே நின்றது. மறுபடி உள்ளே போனது. ஒரு தடவைகூட வெளியே உப்பவில்லை. மனுஷப் பிறவி எத்தனை நேரம் மூச்சை உள்ளேயே இழுக்க முடியும்?

"வெர்னா" என்றாள். "போதும். அதை அனுப்பிடு."

"பேரைச் சொல்லாம எப்படி அனுப்புறது? முறை இல்லையே" என்றான் கிளார். குரலில் விளையாட்டுதான். "சரி, வரிசையா வருவோம். பாதிரியார் பெண்டாட்டி?"

இல்லை.

"கடைக்கார பெர்ஸி?"

இல்லை.

துறையில் இருப்பதே இருபது வீடு. மலைமேல் வீட்டிலிருந்து ஆரம்பித்துத் தண்ணீரோரம் வரை ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொன்றுக்கும் கேலி, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. லேஸ் துணி மெல்ல இடமும் வலமும் ஆடியது. பேர்கள் குறையக் குறையத் திர்சா கதவோடு ஒட்டிக்கொண்டாள். கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளைத் தேடினாள். விரல்களுக்குப் பனிக்கட்டி தட்டுப்பட்டது. கதவு இடுக்கு முழுக்க உள்பக்கமாகவே உறைந்திருந்தது. இழுத்தாள். அசையவில்லை.

"ஊரே முடிஞ்சுதே!" கிளார் தொடையைத் தட்டினான். "இனி இந்த அடுப்படிதான் பாக்கி. ஒருவேளை நான்தானோ? கிளார்?"

இல்லை.

"எல்ட்ரெட்?"

இல்லை.

"வெர்னா?"

இல்லை.

"வேண்டாம்" என்றாள் திர்சா. "வேண்டாம் கிளார். என் பேரைச் சொல்லாதே."

யாரும் திரும்பவில்லை. அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. வெர்னா கையைத் தட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அடிப்பாவி! அப்ப நீ திர்சாதானே?"

அது தலையை ஆட்டியது. மேலும் கீழும்.

கையுறை கழன்றது. துணியின் ஓரத்தைப் பிடித்தது. தூக்கியது.

அடுப்பு வெளிச்சத்தில் திர்சாவின் சிவந்த கன்னம். இடது புருவத்தில் தழும்பு. காதோரம் நரை. அது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டது. நீளமாக. முதல் முறையாக.

"ஏமாத்திட்டியேடி!" வெர்னா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "உன் வீட்டுக்கே வேஷம் கட்டிட்டு வர்றியா? கிளார், ஊத்து இவளுக்கு! எத்தனை நாளாச்சு இவ இப்படிச் சிரிச்சு!"

கிளார் ரம் ஊற்றினான். அது குடித்தது. சிரித்தது. கடைசியில் சின்னதாக விக்கியது.

அப்புறம் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

அதே ஆவலான கண்கள். அதே குறும்பு. எதிரே நிற்பது யாரென்று மட்டும் அந்தக் கண்களுக்குத் தெரியவில்லை.

"அப்ப இது யாரு?" என்றாள் வெர்னா.

நான்தான்டி. உன் திர்சா. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமே. சொன்னாள். சொற்கள் வெளியே போகவில்லை. உள்ளே இழுத்த மூச்சில் நெரிந்து, யாருடையது என்று தெரியாத கீச்சுக் குரலாக அடுப்படியில் விழுந்தன.

"நல்லாப் பேசுது!" என்று எல்ட்ரெட் அக்கார்டியனைப் பிரித்தான்.

பார்வையில் வெள்ளை ரோஜாக்கள். இடது கண்ணோரம் ஒரு நீல நூல். முகத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். கம்பளிக் கையுறை லேஸ் துணியில் உரசியது.

"ஹார்வியா?" என்றான் கிளார். "பாதிரியார் பெண்டாட்டியா? பெர்ஸியா?"

எல்லாம் சொல்லி முடித்த பேர்கள். ஒன்றுகூட அவளுடையது இல்லை. அவளுடையது நாற்காலியில் உட்கார்ந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

"விடாதீங்க, கேளுங்க" என்றது அவள் குரல், கதகதப்பாக. "பேரைச் சொல்ற வரைக்கும் போக முடியாதுல்ல?"

திர்சா மூச்சை இழுத்தாள். துணி உதட்டில் ஒட்டியது. மறுபடி இழுத்தாள். மறுபடி. உள்ளே. உள்ளே.