யெட்டே யாரைக் கூப்பிட்டாள்?

சீப்பை எடுத்துக்கொண்டு சில்கே உட்கார்ந்ததுமே நான்கு வயது யெட்டே தலையைத் திருப்பிக்கொண்டாள். "நீ வேணாம்மா... தமுனா பின்னட்டும். அவ இழுக்க மாட்டா."

சில்கே சீப்பைத் தமுனாவிடம் நீட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். வெண்ணெய் தடவிய வேகத்தில் ரொட்டி கிழிந்தது.

ஜெர்மனியின் துறைமுக நகரமான பிரேமர்ஹாஃபெனில், பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. கணவன் தோர்பென் கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்துகிறவளுக்குத் தன் பிள்ளையை ஏந்த நேரமில்லை. அதனால்தான் ஜார்ஜியாவிலிருந்து தமுனாவை ஓ-பேராக வரவழைத்தார்கள். ஒரு வருஷம் வீட்டுப் பெண்ணாகத் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், ஜெர்மன் படிப்பாள். ஜன்னல் வைத்த தன் அறையையே அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சில்கே கூடத்து சோபாவில் படுத்தாள். கொடுத்ததில் வருத்தமில்லை. பிள்ளையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமோ என்பதுதான் நெஞ்சை அரித்தது.

மாடியில் குடியிருந்த நாத்தனார் வீப்கே பார்க்கும்போதெல்லாம் அதைக் கிளறிவிடுவாள். இந்த வீட்டில் இனி நீ விருந்தாளிதான் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வாரம் யெட்டேவுக்குக் காய்ச்சல். சில்கே வேலையிலிருந்து ஓடி வந்தபோது, குழந்தை தமுனாவின் தோளில் முகம் புதைத்து, "தேதா... தேதா..." என்று அழுதுகொண்டிருந்தது. சில்கே கை நீட்டினாள். குழந்தை நிமிரவே இல்லை.

அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்தவள் வீப்கே. "அவங்க பாஷையில தேதான்னா அம்மாவாம். உனக்குத் தெரியுமா?"

சில்கேவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தமுனாவை அழைத்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட... அந்தப் பேரை மட்டுமாவது எனக்கு விட்டு வெச்சிருக்கக் கூடாதா?" தமுனாவின் கண் நிறைந்தது. அறைக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை, பெட்டியோடு அவள் வாசலுக்கு வந்தாள். காய்ச்சல் தெளிந்திருந்த யெட்டே பெட்டியைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"நீ போயிட்டா சாயங்காலம் ஜன்னல்கிட்ட என்கூட யாரு நிப்பா? தேதா வர்ற பஸ்ஸை யாரு காட்டுவா?"

சில்கே குனிந்து கேட்டாள். "தேதா யாரு, கண்ணு?"

குழந்தை இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தது. "நீதான்! தமுனாவோட அம்மா தூரத்து தேதா. நீ பஸ்ல வர்ற தேதா. காய்ச்சல்ல எவ்ளோ கூப்பிட்டேன், நீ வரவே இல்ல."

சில்கே அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று குழந்தை நிமிராதது ஏன் என்று இப்போது புரிந்தது. அது கோபம். தன்மேல் வந்த கோபம்.

"தமுனா, ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே, அக்கா," என்றாள் தமுனா. "குற்றம்னு முடிவு பண்ணிட்டுத்தான கூப்பிட்டீங்க."

சில்கே எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தமுனா முதலில் மரம்போல நின்றாள். பிறகு அவள் தோளும் குலுங்கியது. பெட்டியைச் சில்கேயே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். மாடிப்படியில் நின்ற வீப்கேயைப் பார்த்து, இனி இந்த வீட்டு விஷயத்தில் நீங்க தலையிட வேண்டாம் அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

பொறாமை அன்றோடு செத்துவிடவில்லை. மறுநாள் துறைமுகக் கரையில் யெட்டே கால் தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்ந்து, சில்கே பக்கத்திலேயே இருக்க, "தமுனா!" என்று அலறினாள். சில்கேவின் நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் பின்னால் தயங்கி நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கூப்பிடுறா. வா, சீக்கிரம்."