பழையதைத் தேட வேண்டாம்

புண்ணில் நாற்றமே இல்லை என்பதுதான் அந்தப் புது நர்சுக்கு முதலில் உறுத்தியது. ஆஸ்பத்திரியின் அந்தக் கடைசி அறையில் தரை துடைத்த பினாயில் வாடையும், வெயிலில் சூடேறிய ஜன்னல் திரையின் தூசி வாடையும் தனித்தனியாக மூக்கில் ஏறின. ஆனால் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் லாரி டிரைவரின் இடுப்பில், ஒரு கை நுழையும் அளவுக்குக் குழிந்திருந்த அந்தப் படுக்கைப்புண்ணிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. குனிந்தால் முகத்தில் லேசாகக் குளிர்ந்த காற்று பட்டது.

"வலிக்குதா ஐயா?"

"இடுப்புக்குக் கீழ எல்லாம் ரிட்டயர் ஆயிடுச்சும்மா. மேல் பாதிதான் டூட்டி பாக்குது," என்றார் அவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி.

ஆழமான புண்ணை நாடா போன்ற காஸ் துணியால் நிரப்பும்போது ஒரு நுனியை வெளியே விடுவார்கள். மறுநாள் அதைப் பிடித்து இழுத்து எடுக்கத்தான். நர்சிங் பள்ளியில் முதலிலேயே சொல்லித்தரும் பாடம் அது. டாக்டரோ நுனி விடாமல் திணித்து மூடச் சொல்லியிருந்தார். பழையதைத் தேட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அப்படியானால் இத்தனை நாள் வைத்ததெல்லாம் எங்கே போயிற்று? பயிற்சிக் காலத்தில், உள்ளே மறந்துபோன ஒரு துணியால் சீழ் பிடித்து ஒரு பெண் அவள் கண்ணெதிரே செத்துப்போனாள். இன்னொரு சாவைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. வேலைக்குச் சேர்ந்த சூடுகூட ஆறவில்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று மனம் தடுத்தும், வராந்தாவில் டாக்டரை மறித்தாள்.

"சார், நுனி விடலன்னா நாளைக்கு எப்படி எடுக்கறது?"

"எடுக்க வேணாம்."

"உள்ளயே இருந்தா சீழ் புடிக்கும் சார். அவர் உயிருக்கே..."

"பரீட்சையில எழுத நல்ல பதில்தான். இங்க சொன்னத மட்டும் செய்ங்க, சிஸ்டர்."

கிண்டல்தான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. அறைக்குள் யாருக்கோ கேட்டுவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்தியே பேசிவிட்டுப் போனார்.

அவளும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். பிறகு உள்ளே போய், விரல் நீளத்துக்கு நுனியை வெளியே விட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள்.

மறுநாள் மதியம் பிரித்தபோது நுனி அப்படியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நுனியைப் பிடித்து, வழக்கம்போல் இடது கையில் சுற்றிக்கொண்டே மெதுவாக இழுத்தாள். சொட்டு ரத்தமில்லை, சீழில்லை. நாடா உலர்ந்து, வெளுப்பாக, சரசரவென்று வந்தது.

ஒரு முடிச்சு வந்தது.

அவள் முடிச்சு போட்டிருக்கவில்லை. அதற்கப்பால் இன்னொரு நாடா. இன்னொரு முடிச்சு. அதற்கப்பாலும். எல்லாம் பழைய நாடாக்கள். ஒவ்வொரு முடிச்சும் கெட்டியாக இருந்தது, எடை தாங்குமா என்று இழுத்துப் பார்த்துப் போட்டதுபோல.

கயிறு. உள்ளேயிருந்து கட்டிய கயிறு. வெளியே அதைப் பிடித்துக்கொள்ளத்தான் இதுவரை யாரும் இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை தன்பாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம்தான் ஐயா."

நாடா விறைத்தது. கையில் சுற்றியிருந்தது சதைக்குள் இறங்கியது. அவிழ்க்கப் பார்த்தாள், அவிழவில்லை. உள்ளிருந்து ஒரு இழுப்பு. சற்று ஓய்வு. மறுபடி இழுப்பு. கைமாற்றிக் கைமாற்றி ஏறுகிற இழுப்பு.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். நாடாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நுனி விட்டீங்களா?"

தலையாட்டினாள்.

அவர் ஒரு அடி பின்வாங்கினார். கதவை வெளியிலிருந்து சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"யாரும்மா அது?" என்றார் டிரைவர், சுவரைப் பார்த்தபடியே.

புண்ணின் விளிம்பு அசைந்தது. உள்ளிருந்து நான்கு விரல்கள் வந்து அதைப் பற்றின. ஈரமில்லாத, வெளுத்த விரல்கள்.

பிறகு கட்டைவிரல்.