ஆர்ச்சியின் பட்டியலில் இல்லாத பெயர்

மிஸஸ் போகாக்கின் வெள்ளைக் கோழி டச்சஸ் கொலையான மறுநாள், ஆர்ச்சி சந்தேகப் பட்டியலோடு என் வீட்டு வாசலில் நின்றான். பதினோரு பெயர்கள். முதல் பெயர் பாதிரியாருடையது. ஞாயிறு விருந்தில் அவர் இரண்டு தடவை கோழி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம்.

அவனுடைய நாய் டஃபி பக்கத்திலேயே படுத்திருந்தது. சனிக்கிழமை கிரிக்கெட் முடிந்து எல்லோரும் திரும்பியபோது, செத்துக் கிடந்த டச்சஸின் அருகில் டஃபிதான் நின்றது. வாயில் ஓர் இறகு வேறு. உண்மையான கொலைகாரன் கிடைக்காவிட்டால், திங்கள்கிழமை அதை வேல்ஸில் இருக்கும் அத்தையிடம் அனுப்பிவிடுவதாக ஆர்ச்சியின் அம்மா சொல்லிவிட்டார்.

"உன் பேரையும் எழுதட்டுமா, க்வென்?" என்றான்.

"எழுதேன்டா," என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஆர்ச்சி ஓடி ஓடித் தேடுவான். நான் நின்று யோசிப்பேன். அவன் சேற்றில் பாதிரியாரின் காலடித் தடத்தைத் தேடப் போனான். நான் கோழிக்கூட்டருகே நின்றேன். டச்சஸின் உடம்பில் கடித்த காயம் இல்லை. டஃபி துரத்தியதில் பயந்தே செத்திருக்கும் என்றார் மிஸஸ் போகாக். ஆனால் கோழிகளைக் கண்டு பயந்து ஓடுவது டஃபிதான்.

கூட்டுக்குப் பின்னால் செடிகளைக் குச்சியால் விலக்கினேன். சிவப்பாக ஒரு கிரிக்கெட் பந்து. அதன் தையலில் சின்ன வெள்ளை இறகு சிக்கியிருந்தது.

நேற்று மைதான வேலியைத் தாண்டி மிஸஸ் போகாக் வீட்டுப் பக்கம் போனது ஒரே பந்துதான். அதை அடித்தவள் நான். என் முதல் சிக்ஸர். ஊரே கைதட்டியது. பந்து எங்கே விழுந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பந்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆர்ச்சி திரும்பி வந்து, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டான். இல்லையென்று தலையசைத்தேன். அவன் உட்கார்ந்து டஃபியின் காதைத் தடவினான். பைக்குள் பந்து கனத்துக்கொண்டே போனது.

பட்டியலை வாங்கி, கடைசியில் என் பெயரை எழுதினேன். பிறகு பந்தை எடுத்து நீட்டினேன்.

அவன் பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மிஸஸ் போகாக் உன்ன உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க," என்றான். "வா, நானும் வரேன்."

மிஸஸ் போகாக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பந்திலிருந்த இறகைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த சிக்ஸருக்கு நானும்தானே எழுந்து நின்னு கைதட்டினேன்," என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

மற்றக் கோழிகளுக்கு இனி நான் தீனி வைக்கட்டுமா என்று கேட்டேன். காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார். பிறகு டஃபியிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டு, மூன்று பிஸ்கட் கொடுத்தார். எங்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான்.

வரும் வழியில் ஆர்ச்சி ஒவ்வொரு பெயராக அடித்தான். பாதிரியார் பெயரை மட்டும் விட்டுவிட்டான்.

"இருந்தாலும் இவர்மேல ஒரு கண்ணு இருக்கட்டும்," என்றான்.